மூன்றாம் முறை அடிக்காத மணி

என் அன்புச் சகலைக்கு,

பவானிபூரில் எங்கள் தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டாயிற்று. நீங்கள் இல்லாத முதல் பூஜை. பெஹாலா வீட்டில் அக்கா இன்னும் உங்கள் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறார் என்கிறாள் என் மனைவி.

கிடர்பூர் துறைமுக யார்டில் நீங்கள் சி மொழியில் எழுதிய கிரேன் நிரலை ரஸ்ட் மொழிக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. எடை மீறினால் மணி அடிக்கும் பகுதியை மட்டும் அப்படியே வைத்து, ரஸ்டிலிருந்து கூப்பிட வேண்டும். இரண்டையும் இணைக்கும் லிங்க்கரோ, மணிப் பகுதியின் பெயரில் எதுவும் இல்லை என்று பத்து நாள் ஒரே பாட்டுப் பாடியது. எதையும் யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் உங்களுக்குத்தான் கிடையாதே. கடைசியில் அக்கா பீரோவிலிருந்து எடுத்துத் தந்த ஹார்ட் டிஸ்கில் மணிப் பகுதி அடங்கிய உங்கள் லைப்ரரி கிடைத்தது. அது இருக்கும் இடத்தை லிங்க்கருக்குக் காட்டியதும் பிழை போயிற்று. மணியும் அடித்தது. எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆபரேட்டர் ஹல்தார் அதிக எடையை மூன்று முறை தூக்கினார். இரண்டு முறை மணி அடித்தது. மூன்றாம் முறை இல்லை. கொக்கிக்குக் கீழே நான் நின்றிருந்தேன்.

“உங்க மணி தூங்குது அண்ணா,” என்று மேலிருந்து வங்காள மொழியில் சொல்லிச் சிரித்தார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. “செத்தவர் எழுதின புரோகிராம் தானே? அதுலதான் கோளாறுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

எழுதிக் கொடுத்தேன், சகலை. மாமனார் வீட்டில் இருபது வருடம் “பெரிய மாப்பிள்ளையைப் பாருங்க” என்று கேட்டுக் கேட்டுப் புழுங்கியவன் நான்.

இன்று ஞாயிறு. உங்கள் நிரலைத் திறந்து பார்த்தேன். அது முழு எண்ணாகக் கிலோ கேட்கிறது. நான் ரஸ்டில் தசமப் புள்ளியோடு டன் என்று அறிவித்திருக்கிறேன். நினைவிலிருந்து எழுதியது. எந்த நினைவு? அன்று மீட்டிங்கில் நான் டன்தான் வேண்டும் என்றபோது எல்லோர் முன்னாலும் சொன்னீர்களே, “புள்ளி வச்சா கோலம் வரும் சகலை, கிரேன் ஓடாது.” அன்று தோற்ற வாதத்தில் ஜெயித்துவிட்டதாக என் விரல்கள் எழுதியிருக்கின்றன.

லிங்க்கர் பெயரை மட்டும் பார்க்கும். என்ன அனுப்புகிறோம் என்று பார்க்காது. பெயர் பொருந்தியது, சேர்த்துவிட்டது. உங்கள் மணி எடையைப் பார்க்காமல், அந்த நொடியில் அகப்பட்ட ஏதோ ஓர் எண்ணைப் பார்த்து அடித்திருக்கிறது.

திருத்த ஒரு வரி போதும். ஆனால் நிரல் ஏற்கெனவே கிரேன் கேபினில் ஏறிவிட்டது. மேனேஜர் போனை எடுக்கவில்லை. ஹல்தாரின் நம்பர் என்னிடம் இல்லை. இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. கொக்கிக்குக் கீழே நாளை எத்தனை பேர் நிற்பார்கள்?

காலை ஷிப்ட் தொடங்கும் முன் யார்டு வாசலில் இருப்பேன். ஹல்தார் ஏணியில் கால் வைக்க விட மாட்டேன். அந்த இரண்டு வரியில் உங்கள் பெயரை அடித்து என் பெயரை எழுதுவேன். இது சத்தியம்.

உங்கள் மேல் கோபம் இன்னும் தீராத,
இளைய சகலை
நடராஜன்