கீழ்வீட்டு வாசல்

ஜனவரி 4, 1987. ஞாயிறு

பனி விலகவே இல்லை. ஒன்பது மணிக்கும் எதிர் பிளாக் தெரியவில்லை. மோட்டார் ரிப்பேர். கீழே பம்பில் அடித்து மூன்றாம் மாடிக்குக் குடம் குடமாக ஏற்றினேன். இடுப்பு போச்சு.

இவர் ஜன்னலோரம். தீபாவளிக்குப் பிறகு கீழே இறங்கவில்லை. இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை பார்த்து மணல் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது, நாலு படி ஏறினால் முகம் நீலம். ஏரிக்கரைக் குடிசையில் இருந்தவரை வாசலை விட்டு இறங்கினால் பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, பேச்சு. ரோடு அகலம் பண்ணக் குடிசைகளை எடுத்தார்கள். ஊருக்கு வெளியே பக்கா வீடு கொடுத்தார்கள். கக்கூஸ், குழாய், கரண்டு எல்லாம் உண்டு. குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் யாருக்கு எந்த மாடி என்று குலுக்கிப் போட்டார்களே, ஏறுகிற ஆளின் நெஞ்சைக் கேட்டார்களா?

கீழ்வீட்டுக் கௌரம்மா (இனி கௌ., எழுதிக் கை வலிக்கிறது) வழியில் நிறுத்தினாள். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரி. பூ விற்கிறாள், ஒரே மகள். வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றாள். "எனக்குக் காலு கெட்டியா இருக்கு அக்கா. அண்ணனுக்குப் படி ஆகாது. நீங்க கீழ வாங்க, நான் மேல போறேன்."

பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.

ஜனவரி 6, செவ்வாய்

லீவு. வீடு மாற்றம். இறங்கியவை: ட்ரங்குப் பெட்டி, ஸ்டவ், பாய், சாமி படம், அம்மிக்கல் (என் விரல் நசுங்கியது). ஏறியவை: கௌ.வின் பூக்கூடைகள், ரெண்டு தலையணை, கொஞ்சம் பாத்திரம். அவ்வளவுதான் அவள் சொத்து.

இவரை ஒயர் நாற்காலியில் உட்காரவைத்துப் பக்கத்து பிளாக் ஆட்கள் தூக்கினார்கள். படி திரும்பும் இடம் ஒடுக்கம். நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கித்தான் திருப்ப முடிந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் என்று கேலி. இவரும் இருபுறமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். எத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

வெயில். கம்பெனியில் நாள் முழுக்க மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றிக் கண் எரிச்சல். ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டில் ஆள் இல்லை. உயிரே போய்விட்டது. பார்த்தால் எதிரே டீக்கடை பெஞ்சில், நட்டநடுவில். ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் கன்னடம், இவர் இரண்டையும் தப்புத்தப்பாகப் பேசிக்கொண்டு. தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வந்தவர் ராகிக் கொல்லையை யானை மிதித்த கதை சொன்னாராம். அதைச் சாப்பிடும்போதும் சொன்னார், படுக்கும்போதும் சொன்னார். அதற்குள் யானை ரெண்டு கூடிவிட்டது.

ஜனவரி 14, புதன்

பொங்கல். வாசலில் கோலம். கௌ.வும் மகளும் இறங்கி வந்தார்கள், ஒரே பானை. மகளுக்கு மாசியில் நிச்சயம். மாப்பிள்ளை லேத் வேலை.

ஜனவரி 19, திங்கள்

வீடு ஒதுக்கின ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். வீடு ஒருவர் பேரில், உள்ளே வேறு ஆள். உள்வாடகையா என்றார். இவரைக் காட்டினேன். நெஞ்சு இரைவது அவருக்கே கேட்டது. நல்ல மனுஷன்தான், தண்ணீர் வாங்கிக் குடித்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குப் புரியுதும்மா. அவங்கவங்க ஊட்டுக்குப் போயிடுங்க. இல்லன்னா ரெண்டு ஊட்டுக்கும் பூட்டு போடுவாங்க." முறையாக மாற்றிக்கொள்ள வருஷக்கணக்கில் ஆகுமாம்.

கௌ. சண்டைக்குக் கிளம்பினாள். இவர் தடுத்துவிட்டார். என்னிடம் சொன்னது: "பொம்பளப் புள்ளய வெச்சிருக்காங்க. நம்மளால அவுங்க ஊடு போவக் கூடாது."

படிக்கட்டுச் சுவரை அறைந்தேன். கைதான் வலித்தது.

ஜனவரி 20, செவ்வாய்

மறுபடி நாற்காலி. மேலே. யாரும் கேலி செய்யவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

குளிர். தினமும் டீக்கடையில் தூக்கில் டீ வாங்கிக்கொண்டு ஏறுகிறேன். ஏறுவதற்குள் ஆறிவிடுகிறது. சூடு பண்ணட்டுமா என்றேன். "டீ எதுக்குடி எனக்கு. அங்க என்னா பேசிக்கிட்டாங்க, அதச் சொல்லு."

ஆம்பளைகள் பேச்சை நின்று கேட்டுக்கொண்டா இருக்க முடியும்? நானே ஒரு யானைக் கதை கட்டினேன். பொய் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் முழுக்கக் கேட்டார்.

பிப்ரவரி 11, புதன்

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது போய்விட்டார். ஜன்னல் பக்கம் பார்த்தபடி. இன்றுதான் எழுத முடிகிறது.

பாடை படியில் திரும்பவில்லை. அதைக் கீழேயே விட்டுவிட்டு ஆட்கள் மேலே வந்து யோசித்தார்கள். கடைசியில் அதே நாற்காலி. வேட்டியால் சேர்த்துக் கட்டினார்கள். திருப்பத்தில் தலைக்கு மேல் தூக்கினார்கள். தலை சாய்ந்தது. நான் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.

தெருவில் கிடத்தப் போனார்கள். கௌ. கதவை விரியத் திறந்து நின்றாள். உள்ளே பாய் விரித்து விளக்கும் ஏற்றியிருந்தாள். நிச்சயம் வைத்த வீட்டில் பிணம் ஏறலாமா என்று ஒருத்தி கேட்டாள். நானும் வேண்டாம் என்றேன். கௌ. அசையவில்லை. "இது அண்ணன் ஊடு. இங்கிருந்துதான் போவணும். இன்னிக்கி யாரு வந்து கேக்கறாங்கன்னு பாக்கறேன்."

மதியம் வரை அங்கே இருந்தார். டீக்கடை பெஞ்சு ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். மூன்றாம் மாடிக்கு ஒருவரும் வந்ததில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

காரியம் நேற்று முடிந்தது. இன்று வேலைக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தைத் தள்ளிவைத்துவிட்டார்களாம். பம்படியில் கேள்விப்பட்டேன். கௌ. என்னிடம் மூச்சுவிடவில்லை.

நாற்காலி இன்னும் அவள் வாசலில்தான். சாயங்காலம் படி ஏறப் பிடிக்காமல் அதில் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு கிளாஸ் கொண்டுவந்து கொடுத்தார். ஆறியிருக்கும் என்ற பழக்கத்தில் ஒரே வாய் குடித்தேன். நாக்கைச் சுட்டுவிட்டது.