வார்டுக் கக்கூஸின் கொண்டி

நானா,

இன்று காலை எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவின் கொண்டி கையோடு கழன்று வந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கப் பிலிமத்தலாவைக்குப் போனேன். உங்கள் ஹார்ட்வெயார் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் கொண்டியை நீட்டினார். கையில் வாங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு கொண்டிக்காக உயிரையே விடப் பார்த்த ஆளிடம் நான் வேலை செய்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றும் நாற்பது வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. நீங்கள் இருந்தவரை தைரியம் வரவில்லை. மௌத்தாகி ஆறு வருஷம் ஆயிற்று, இனி அடிக்க வரமாட்டீர்கள். சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். "முதலாளி எண்டு கூப்பிடாதே தம்பி. நான் சமூக ஜனநாயகவாதி. அண்ணன் மாதிரி நெனச்சு நானா எண்டு கூப்பிடு," என்றீர்கள். அரை இறாத்தல் ஆணி வாங்க வந்தவர்கள் அரை மணி நேரப் பிரசங்கமும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினார்கள். இருக்கிறவனிடம் வரி வாங்க வேண்டும், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அதை வாக்குப் போட்டும் சட்டம் போட்டும் செய்ய வேண்டும், ஒருவன் மூக்கிலும் இரத்தம் வரக்கூடாது. "புரட்சி எண்டா கடைக் கண்ணாடி ஒடையும். பெட்டிசம் எண்டா ஒரு முத்திரை போதும்," என்பீர்கள். கடையில் கண்ணாடி விற்கிறவர் வேறு எப்படிப் பேசுவார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம்தான் உங்களுக்குக் குடலிறக்கம் வந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் உங்கள் மச்சான் அறையே பிடித்துவிட்டார். நீங்கள் கேட்டால்தானே! அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில்தான் படுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். ஆஸ்பத்திரியின் பேர் இங்கே வேண்டாம், அதற்கும் மானம் இருக்கிறது. "வசதி ஈக்கிறவனெல்லாம் வெளிய போய்ட்டா, வார்டுக்கு வாயில்லாமப் போயிடும் மச்சான். ஏழை சத்தம் போட்டா ஆர் கேக்கிற?" என்று கேட்டீர்கள். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் பெரிய மரியாதை வந்தது. ஒரு நாள்தான் அது நிலைத்தது.

மறுநாள் வார்டுக் கக்கூஸில் கொண்டி இல்லை என்று கண்டுபிடித்தீர்கள். உள்ளே போகிறவர்கள், ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக ஏதாவது பாடிக்கொண்டே இருப்பது அந்த வார்டு வழக்கம். ஓய்வு பெற்ற ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் விசில் அடிப்பார். நீங்கள் பாடவில்லை. உட்கார்ந்தபடியே, கொண்டி கேட்டு அரசாங்கத்துக்கு எழுதப்போகிற பெட்டிசத்தின் வாசகங்களை உரக்கச் சொல்லிப் பார்த்தீர்கள். வார்டே கேட்டது.

"கடையில பெட்டி பெட்டியா கொண்டி கெடக்கு நானா. ஒன்னு கொண்டாந்து மாட்டிடவா?" என்று கேட்டேன்.

"தொடாதே! நான் தர்மம் செய்ய வரல்ல. அல்லாவுக்குக் குடுக்கிற ஸக்காத் வேற, அரசாங்கத்துக்குக் கட்டின வரி வேற. இந்தக் கொண்டி எங்கட உரிமை. நாம வாங்கிப் போட்டா, நாளைக்குக் கதவையும் நம்மளையே கொண்டு வரச் சொல்லுவாங்க."

பதினெட்டுக் கட்டிலுக்கும் போய்க் கையெழுத்து வாங்கினீர்கள். என்னிடமும் பேனாவை நீட்டினீர்கள். "எனக்கு ஓட்டே இல்லையே நானா. நான் போட்டா செல்லுமா?" என்றேன். "வயித்தால போறதுக்கு ஓட்டு வேணுமா? போடு!" என்றீர்கள். போட்டேன். அன்றைக்கே தபாலிலும் சேர்த்தேன். ஆனால் நம்பவில்லை. எங்கள் அப்பா பிரஜாவுரிமைக்கு மனு மேல் மனு போட்டுவிட்டு, மஹய்யாவையில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து வந்தே செத்துப்போனார். பெட்டிசத்துக்குப் பதில் வரும் என்று என்னை எப்படி நம்பச் சொல்கிறீர்கள்?

அதோடு விட்டீர்களா? இரண்டு நாள் பார்த்துவிட்டு, கொண்டி வரும்வரை ஒப்பரேஷனுக்கு வரமாட்டேன் என்று டொக்டரிடமே அறிவித்தீர்கள். குடல் முறுகினால் இரண்டு நாள்கூடத் தாங்காது என்று அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உங்கள் மனைவி, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர், வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். "தம்பி, இந்த மனிசன் கக்கூஸ் கொண்டிக்காக மௌத்தாகப் போறார். ஊருக்கு நான் என்னத்தச் செல்ற?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அடுத்த நாள் பகல், நோயாளரைப் பார்க்க வரும் நேரம் முடிந்து நீங்கள் கண்ணயர்ந்திருந்தபோது, சாரத்து மடிப்பிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். நானாகவேதான் அந்தக் கொண்டியைப் போட்டேன். உங்கள் கடைக் கொண்டி, நானா! நல்ல பித்தளை. ஸ்டேஷன் மாஸ்டர் வாசலில் நின்று விசிலடித்துக் காவல் காத்தார்.

எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு நீங்கள் போட்ட கூச்சல்! "பாத்தியா தம்பி? மூணே நாள்! அரசாங்கத்துக்குக் காது ஈக்கி!" அப்புறம் கொண்டியைத் தடவிப் பார்த்து, "பித்தளை போட்டிருக்கானுங்க. அசல் நம்மட கடைச் சாமான் மாதிரியே," என்றீர்கள். நான் ஸ்குரூ டிரைவரைச் சாரத்து மடிப்புக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டேன். மறுநாள் சிரித்த முகத்தோடு ஒப்பரேஷனுக்குப் போனீர்கள். பிழைத்து வந்து வருஷக்கணக்காக அந்தக் கதையை ஆணி வாங்க வந்தவர்களுக்குச் சொன்னீர்கள். ஒவ்வொரு முறையும் நான் பெயின்ட் டப்பாக்களை அடுக்கப் பின்னால் போய்விடுவேன்.

இவ்வளவுதான் என்றால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். உங்களைக் காப்பாற்றச் சொன்ன பொய், போகட்டும். எட்டு மாதம் கழித்துக் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. நீங்கள் கண்டி டவுனுக்குப் போயிருந்தீர்கள். நான்தான் பிரித்தேன். சிங்களத்தில் இருந்தது, அரசாங்க முத்திரையோடு. எழுதியிருந்தது இதுதான்: தங்கள் முறைப்பாட்டின்பேரில் கொண்டி பொருத்த எமது தச்சர் சமுகமளித்தபோது, அங்கு உயர்ரகப் பித்தளைக் கொண்டி ஏற்கெனவே காணப்பட்டமையால், அவர் திரும்பிவிட்டார் என்பதை அறியத் தருகிறோம்.

வந்திருக்கிறார்கள், நானா! எட்டு மாதம் கழித்து என்றாலும் வந்திருக்கிறார்கள். என் கையெழுத்தும் இருந்த தாளுக்குப் பதில் வந்திருக்கிறது. அதைக் காட்டினால் என் குட்டு உடைந்துவிடும் என்று பயந்து, கடைப் பின்கட்டு அடுப்பில் போட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் சுட வைத்தேன். நீங்கள் வந்து அதே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சாயம் நல்லா இருக்கு என்றீர்கள். உங்கள் உண்மையான வெற்றியை எரித்துவிட்டு, நான் செய்த பொய் வெற்றியைச் சாகும்வரை உங்களைக் கொண்டாட வைத்தேன். என்னை மன்னியுங்கள். அந்தக் கடிதத்தை நீங்கள் பார்த்திருந்தால் எனக்கு முதலில் அடி விழுந்திருக்கும், பிறகு அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பீர்கள்.

இப்போது எங்கள் மஹய்யாவை பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை போய்விட்டது. "நாமளே நாலு தகரத்த போட்டுக்குவோம் அண்ணே," என்று சனம் ஆணியும் சுத்தியலுமாக வந்து நிற்கிறது. "யாரும் தொடாதீங்க! வரி கட்டுறோம்ல? எழுதிப் போட்டிருக்கேன், வருவாங்க," என்று கத்துகிறேன். இப்போது எனக்கு ஓட்டும் இருக்கிறது, தெரியுமா? கிழவனுக்குப் பைத்தியம் என்கிறார்கள். ஏழு மாதம் ஆகிறது. மழை அடித்து ஊற்றுகிறது. தினமும் குடையோடு போய் நிற்கிறேன், நானா. சத்தியமாக இந்த முறை நான் கை வைக்க மாட்டேன்.