இரண்டரைச் சாண்

2.7.2007, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மேப் ரூம் ஜன்னல் கொக்கி உடைந்து, பக்கத்து பனியன் கம்பெனிப் பஞ்சு முழுக்க உள்ளே. தும்மல்.

தலைமையாசிரியை கூப்பிட்டார். மாதக் கடைசியில் ஆய்வு. கழித்துக்கட்ட வேண்டிய மேப்புகளுக்குப் பட்டியல் வேண்டுமாம். எழுதியவரை:

உலகம் – கீழ்க்கட்டை இல்லை.
ஆசியா – எலி.
தமிழ்நாடு – இன்னும் 'சென்னை மாநிலம்' என்றே இருக்கிறது. திருப்பூர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. எத்தனை வருடத்துப் பிள்ளைகள் சொந்த ஊரைத் தொட்டுத் தொட்டு.
உருண்டை – அச்சு முறிந்தது.

இந்தியா மேப்பும் பழசுதான். வார்னிஷ் மஞ்சளடித்துவிட்டது. அதை எழுதவில்லை. ரங்காத்தாளுக்காக.

ரங்காத்தாள் எங்கள் பள்ளி ஆயா. மேப்பைச் சுருட்டிக் கயிறு கட்டுவதும் தூசி தட்டுவதும் அவள்தான். மகள் சுமதி என்னிடம் படித்தவள். பத்தாவது முடித்து பனியன் கம்பெனிக்குப் போனாள். அங்கே வேலைக்கு வந்த லூதியானா டெய்லரைக் கட்டிக்கொண்டு அவனோடு போய்விட்டாள். ரெண்டு வருஷம். அப்பா ஆறுமுகம் அன்றே தலைமுழுகிவிட்டார். வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது. மாதம் முதல் சனிக்கிழமை, சுமதி என் செல்லுக்குக் கூப்பிடுவாள். மேப் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா பேசுவாள். பேசி முடித்ததும் இந்தியாவை விரிக்கச் சொல்லி, லூதியானாப் புள்ளியைப் பார்ப்பாள்.

இந்த மாதம் சுமதிக்குப் பிரசவம்.

4.7.07, புதன்

8-அ. பருவக்காற்று. பாடம் நடத்தும்போதே நிஜக் காற்றில் ஆணி பிடுங்கிக்கொண்டு மேப் விழுந்தது. பிள்ளைகள் சிரிப்பு. நானும்.

சுருட்டும்போது ரங்காத்தாள் கையை விரித்து அளந்தாள். திருப்பூரிலிருந்து லூதியானா வரை.

"ரெண்டரைச் சாணுங்க டீச்சர். இதுக்கு மூணு நாளு ரயில்ல போகோணுமுங்களா?"

அளவுகோல் பற்றிச் சொன்னேன். ஒரு அங்குலத்துக்கு இத்தனை மைல் என்று. தலையாட்டினாள். பிறகு, "பக்கத்துல தாங்க இருக்குது," என்றாள்.

பால் கார்டு வாங்க மறந்துவிட்டேன்.

7.7.07, சனி

முதல் சனி. அரை நாள் பள்ளி. ஒரு மணி வரை மேப் ரூமில் நானும் ரங்காத்தாளும். செல் நடுவில், ஸ்டூல் மேல். ஆப்பிரிக்கா மேப்பை இரண்டு முறை தூசி தட்டினாள். அழைப்பு வரவில்லை.

"டவர் கெடைக்கலையாட்டமிருக்குதுங்க."

"ஆஸ்பத்திரியில இருப்பா ரங்காத்தா. நாளைக்குப் பேசுவா."

எதற்கு அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்?

9.7.07, திங்கள்

நேற்றும் இல்லை. இன்று மதியம் நானே கூப்பிட்டேன். ஆண் குரல். ஹிந்தி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'சுமதி' மட்டும் புரிந்தது. பிறகு அவன் அழுவது புரிந்தது.

பள்ளி விட்டதும் பட்டன் கடை சேட்டம்மாவிடம் போனேன். இங்கேயே பிறந்தவர், நம்ம ஊர்த் தமிழ்தான் பேசுவார். செல்லை வாங்கிப் பேசினார். பேசப் பேசக் குரல் இறங்கியது. அருகே இருந்த ஜிப் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"பொம்பளக் கொழந்தைங்க. புதன்கிழமை பொறந்துதாம். கொழந்தை நல்லாருக்குது. அந்தப் புள்ளைக்கு ரத்தம் நிக்கலீங்களாம். மக்யா நாளே, வியாழக்கிழமை, போயிட்டாளாம்."

எரித்தாகிவிட்டது. குழந்தை அவள் கணவனின் அக்காவிடம். என் நம்பர் இருப்பது அவனுக்குத் தெரியும். தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் செல்லைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம்.

வீட்டுக்கு வந்து சாதம் வடித்தேன். சாப்பிடவில்லை. சுமதி அவுட்லைன் மேப்பில் கடலுக்கு நீலம் தீட்டினால் கரையைத் தாண்டாது. அப்படி ஒரு கை.

10.7.07, செவ்வாய்

சொல்லவில்லை.

9-ஆவில் பஞ்சாப் ஆறுகள். பாடத்தை மாற்றியிருக்கலாம். தோன்றவில்லை. ஆணி இன்னும் அடிக்காததால் ரங்காத்தாளே மேப்பின் ஒரு முனையைப் பிடித்து நின்றாள். சட்லெஜ் என்று குச்சியை வைத்தேன். லூதியானா அதன் கரையில்தான். "இதுங்களா?" என்று கண்ணால் கேட்டாள். ஆமாம் என்று தலையசைத்தேன். பிறகு என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

கோழை. வேறு வார்த்தை இல்லை.

11.7.07, புதன்

அவளே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க டீச்சர், ரெண்டு நாளா மூஞ்சி வாடிக் கெடக்குது. காப்பி வாங்கியாரட்டுங்களா?"

மேப் ரூமுக்குக் கூட்டிப் போனேன். கதவைச் சாத்தினேன். சொன்னேன். ஒரே மூச்சில். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தது எதுவும் உதவவில்லை.

கையில் கயிறு. முடிச்சுப் போட்டு முடித்தாள். சுருளை மூலையில் சாய்த்து வைத்தாள்.

"பொம்பளப் புள்ளைங்களா?"

"ஆமா."

"அவளாட்டவே இருக்குமாட்டம்."

பிறகு, "திங்கக்கிழமையே தெரியுமுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். சுருளின் மேல் தூசியைத் துடைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"ஊட்டுல அழுக முடியாதுங்க. எதுக்குன்னு கேப்பாரு. நீங்க செத்த நேரம் வெளிய நில்லுங்க," என்றாள்.

நின்றேன். பக்கத்துக் கம்பெனி மெஷின் சத்தம் அவ்வளவையும் மூடிவிட்டது. வராண்டாவில் போன யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

த.ஆ. வந்து பட்டியல் என்னாச்சு என்றார். நாளைக்கு என்றேன்.

13.7.07, வெள்ளி

நேற்றும் இன்றும் ரங்காத்தாள் வரவில்லை. காலை பிரேயர் முடிந்ததும் கேட் அருகே ஆறுமுகம். அயர்ன் மாஸ்டர், கைகளில் தழும்பு. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்துக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

"அவ சொல்லிப்போட்டாளுங்க."

"உட்காருங்க."

உட்காரவில்லை. "ரெண்டு வருசமா இங்க தானுங்களா பேசீட்டிருந்தாங்க?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆமாம் என்றேன்.

"என்னைய எப்பவாச்சும் கேட்டாளுங்களா?"

கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும். அப்பா சாப்பிட்டாரா, கை காயம் ஆறியதா. ரங்காத்தாள் வீட்டில் எதைச் சொல்ல முடியும்? சொன்னேன், நினைவிருந்த அத்தனையையும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டிக்கெட் எங்கீங்க எடுக்கோணும்?"

"நீங்களா போறீங்க?"

"ரெண்டு பேருமுங்க. கொழந்தையப் பாத்துட்டு வரோணும். அவங்க உட்டாங்கன்னா."

குழந்தையைப் பார்க்கவா, கூட்டி வரவா? கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

15.7.07, ஞாயிறு

ஸ்டேஷன். கூட்டம். டெல்லி போய் வேறு வண்டி மாற வேண்டும். சேட்டம்மாவின் தம்பி டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார். ஊர், தெரு, மாறும் வண்டி எல்லாம் ஹிந்தியில் எழுதிய தாள். யாரிடம் காட்டினாலும் வழி சொல்வார்கள் என்றேன். ரங்காத்தாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பையில் வசம்பு, இரண்டு புது பனியன் சட்டை, ரொம்பச் சின்னது.

என் கையைப் பிடித்தாள். திங்கட்கிழமை விஷயம் மன்னித்தாளா தெரியவில்லை. பிடித்தாள், அவ்வளவுதான்.

வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். ஆறுமுகம் ஜன்னல் கம்பியருகே குனிந்தார்.

"டீச்சருங்க, அந்தப் பையன் பேரு என்னங்க?"

நான் சொல்வதற்குள் ரங்காத்தாள் சொன்னாள். "ராகேசுங்க."

இரண்டு வருடத்தில் அவர் கேட்டதே இல்லை. "ராகேசு," என்றார். வாய் ஒத்துழைக்கவில்லை. மறுபடி சொன்னார். வண்டி நகர்ந்தபோதும் உதடு அசைந்துகொண்டிருந்தது.