நான்காவது சிவப்பு மை

அன்புள்ள தங்கை ரீபாவுக்கு, கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். அம்மாவுக்குக் கால்வீக்கம் வற்றியதா?

பதறாமல் படி. என்னைப் பட்டாளத்திலிருந்து அனுப்புகிறார்கள். அப்பா அடக்கத்துக்கு வந்தபோது அம்மா விடாததால் பன்னிரண்டு நாள் பிந்தித் திரும்பினேனே, அதற்கும் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதிவிட்டார்கள். முன்பே மூன்று இருந்தன. நாலு விழுந்தால் வெளியேற்றலாமாம்.

நம்மூர் சுபேதார் நேசையா அண்ணாச்சி, "சொந்த விருப்பத்துல போறேன்னு எழுதிக் குடுத்துருலே, ஊர்ல மரியாதையா இருக்கும்" என்றார்.

"நான் எங்க அண்ணாச்சி விரும்புனேன்?" என்றேன். கையெழுத்துப் போடவில்லை. 'சேவை இனித் தேவையில்லை' என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். பதினோரு வருடத்துக்கு மூன்று சொல்.

அம்மாவிடம் மட்டும் நானே விரும்பி வந்ததாகச் சொல். சபையில் ஜெபக்குறிப்பு கொடுத்துவிடாதே, வாசித்தால் ஊருக்கே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை காலை ஜங்ஷனுக்கு நீ மட்டும் வா.

தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

ஹெப்ரான்