எட்டாம் நம்பர் கேமராவில் விழுந்த படம்

அன்பான என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் சுகம். நீயும் வாண்டும் அத்தையும் சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தீர்ந்திருந்தால் சொல், ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கோபத்தில் போனை வைத்துவிட்டாய். தப்பு உன்மேல் இல்லை. குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறது, இந்த லீவுக்கு வர வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரனும் இல்லை. "எங்களை வரவிடாம பண்றதுக்கு அங்க அப்படி யாரு இருக்கா?" என்று கேட்டாய். இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் லைன் அறுந்துவிடும், அதனால்தான் கடிதம்.

போன லீவில் நீங்கள் வந்திருந்தபோது ஒரு நாள் காலையில், கேட் வரைக்கும் போய்வருகிறோம் என்று வாண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேனே, நீகூடத் துணி அலசிக்கொண்டிருந்தாய். கேட்டோடு நிற்கவில்லை. காட்டுக்குள் கேமராக்களுக்குக் கார்டு மாற்ற அவளையும் கூட்டிப்போனேன். வெளியாள் யாரையும் அந்தப் பாதையில் அழைத்துப்போகக் கூடாது. தன் படமும் கேமராவில் விழ வேண்டும் என்று அடம் பிடித்தாள். நாலு வயசுக்காரி உதட்டைப் பிதுக்கினால் நான் என்ன ஆவேன் என்று உனக்குத் தெரியும்.

முன்னால் எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கும் எங்கள் கேமராக்கள் ஜோடியாக இருக்கும். பாதையின் இந்தப்பக்க மரத்தில் ஒன்று, எதிர்ப்பக்க மரத்தில் ஒன்று. நடுவே போகும் விலங்கின் இரண்டு விலாவும் பதிய வேண்டுமே, அதற்காக. எட்டாம் நம்பர் இடத்தில் முதல் கேமராவுக்குக் கார்டு மாற்றிவிட்டு, அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பல்லைக் காட்டு என்று அவளிடம் சொன்னேன். நான் எதிர் மரத்துக்குப் போனேன். பெட்டியின் பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. இரண்டு நிமிடம் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருப்பேன்.

அடுத்த வாரம், நீங்கள் ஊருக்குப் போன பிறகு, அந்தக் கார்டை ஆபீசில் போட்டுப் பார்த்தேன். வாண்டு முப்பத்திரண்டு பல்லும் இருப்பது போலச் சிரித்திருந்தாள். நானும் சிரித்தேன். மூன்று நிமிடம் தள்ளி அடுத்த படம். சிறுத்தை. அவள் உட்கார்ந்த மண்ணில் மூக்கை வைத்திருந்தது. மோப்பம் பிடிப்பது அதன் குணம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரக் கார்டிலும் அது இருக்கிறது. மற்ற இடங்களில் எல்லா விலங்கையும் போல நடந்து போகிறது. எட்டாம் நம்பரில் மட்டும், அவள் உட்கார்ந்த அதே இடத்தில், கேமராவைப் பார்த்து உட்காருகிறது. ஒரு நாள் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் இப்படிப் பார்த்ததில்லை.

பத்து நாளாகக் குவார்ட்டர்ஸ் பக்கமும் வருகிறது. வாண்டுக்குக் கட்டிக்கொடுத்த ஊஞ்சலுக்கு அடியில் புல் நசுங்கிக் கிடந்தது, பக்கத்தில் கால்தடம். ஊஞ்சலை அவிழ்த்துவிட்டேன். மறுநாளும் அங்கேயே படுத்துவிட்டுப் போயிருக்கிறது. கோழியைத் தொடவில்லை, நாயைத் தொடவில்லை.

நேற்று அதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வாய்க்கு வந்தபடி திட்டினார். படங்களைப் பார்க்கப் பார்க்கத் திட்டுவதை நிறுத்திவிட்டார். மாற்றலுக்கு எழுதிக்கொடுக்கச் சொன்னார், கொடுத்துவிட்டேன்.

வாண்டு கேட்டுக்கொண்டே இருந்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன், கொடு. வலது ஓரத்தைக் கத்தரித்தது நான்தான். முதலில் பார்த்தபோது அவள் சிரிப்பைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. போன வாரம்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். அது மூன்று நிமிடம் கழித்து வந்ததல்ல. அப்போதே, அவள் பல்லைக் காட்டும்போதே, ஓரத்துப் புல்லுக்குள் படுத்திருக்கிறது. இரண்டு காதும் அவள் பக்கம். டேப் எடுத்துப்போய் அளந்தேன். அவளிடமிருந்து எனக்குப் பன்னிரண்டு அடி. அதற்கு ஆறு அடி.

ஏன் பாயவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடு, நானே அங்கே வருகிறேன். அதுவரை, கடைத்தெருவாக இருந்தாலும் சரி, அவளை உனக்கு முன்னால் நடக்கவிடு. என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி. முடியாவிட்டாலும் பரவாயில்லை, அவளை மட்டும் இங்கே கூட்டிவந்துவிடாதே.

உன்
வீட்டுக்காரன்