பாட்டிலுக்குள் பூசணி

பிப்ரவரி 3, செவ்வாய்

டாக்டர் இவரிடம் சொன்னது: ஆறு வாரம் சாப்பாட்டில் கொழுப்பைக் குறையுங்கள், கொலஸ்ட்ரால் எண் இறங்காவிட்டால் மாத்திரை. வரும் வழியில் இவர் சொன்னது: "அந்த சீஸ் சாஸை மட்டும் தொடாதே. மத்ததெல்லாம் உன் இஷ்டம்." வாரத்தில் நான்கு இரவு பாஸ்தா சாப்பிடும் வீட்டில் 'மத்ததெல்லாம்' என்றால் என்ன? தண்ணீரா?

இவருடைய அண்ணன் ஐம்பத்தொன்றில் போனார். ஏப்ரலில் இவருக்கு ஐம்பத்தொன்று. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இன்று நாற்பது மாதிரிகள். வீடு சேர ஏழரை. பாஸ்தாவுக்கு வைத்த தண்ணீரில் முதலில் பூசணித் துண்டுகளையும் இரண்டு பல் பூண்டையும் போட்டேன். வெந்ததும் அரித்தெடுத்துவிட்டு அதே தண்ணீரில் பாஸ்தா. அது வேகும் பத்து நிமிடத்தில் பூசணியோடு அரை டம்ளர் பால், மிளகு, பேருக்குக் கொஞ்சம் சீஸ் சேர்த்து மிக்சியில் ஓர் அடி. கடைசியில் பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கரண்டி. சூட்சுமமே அதுதான், கஞ்சிபோல இருப்பதால் க்ரீம் போட்டதுபோல வழவழவென்று ஒட்டுகிறது. நிறமும் அச்சு அசல்.

காலியான சீஸ் சாஸ் பாட்டிலில் புனல் வைத்து ஊற்றி, மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

இவர் பாட்டிலின் முதுகில் தட்டித் தட்டி ஊற்றிக்கொண்டார். "இதான் ருசி. இதெல்லாம் வீட்டுல செய்ய முடியுமா?"

"எங்கே முடியும்?" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பாஸ்தாவில் முடிகிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

மகள் குப்பைக் கூடையில் பூசணித் தோலைப் பார்த்துவிட்டாள். கல்லூரியில் முதலாண்டு, அதற்குள் துப்பறிகிறாள். "அப்பாவையே ஏமாத்துறியாம்மா? சரி, வாயை மூடிக்க எனக்கு என்ன தருவே?" வாரத்தில் இரண்டு நாள் பாத்திரம் கழுவ வேண்டாம் என்று பேரம் முடிந்தது.

பிப்ரவரி 26, வியாழன்

சாஸில் ருசி கூடியிருக்கிறதாம். கம்பெனிக்காரன் பக்குவத்தை மாற்றிவிட்டானாம்.

மார்ச் 12, வியாழன்

பரிசோதனைக் கூடத்தில் இயந்திரம் மக்கர் செய்ததால் தாமதம். வீட்டுக்குள் நுழையும்போதே கூச்சல். பசி பொறுக்காமல் இவரே பாஸ்தா வேகவைத்து, சந்தேகம் வராமலிருக்க நான் அலமாரியில் வைத்திருந்த நிஜமான பாட்டிலைத் திறந்திருக்கிறார்.

"டூப்ளிகேட்! வாயெல்லாம் எண்ணெய். முனைக் கடைக்காரன் நம்ம தலையில கட்டிட்டான்!"

மகள் தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

ரத்தப் பரிசோதனை செவ்வாயன்று. இப்போது உண்மையைச் சொன்னால், வீம்புக்காகவே அதுவரை வெண்ணெயாகத் தின்பார். சொல்லவில்லை.

மார்ச் 13, வெள்ளி

தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார்: 'முனைக் கடையில் போலி சாஸ். உஷார்.' பதினேழு பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

என் அவசரம் தெரிந்து பூசணியைக் கீற்றாக நறுக்கி எடுத்துவைப்பவர் அந்தக் கடைக்காரர். ச்சே — என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்? ஒரு மனுஷன் பிழைப்பு. செவ்வாய் வரைக்கும் பொறுக்கலாமா? முடியாது.

மார்ச் 14, சனி

இவர் பாட்டிலும் கையுமாகக் கடைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

"காலையிலேருந்து மூணு பேர் சாமானைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க சார். பத்து வருஷமா கடை வச்சிருக்கேன். அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

"அவளை என்ன கேக்குறே? என் நாக்கு பொய் சொல்லுமா?" என்றார் இவர்.

"இந்த பாட்டில் ஒரிஜினல்தாங்க," என்றேன். "அஞ்சு வாரமா நீங்க சாப்பிட்டதுதான் டூப்ளிகேட்."

கடைக்காரருக்குத்தான் முதலில் பொறி தட்டியது. "அப்ப அந்தப் பூசணியெல்லாம்…?"

தலையாட்டினேன். அவர் சட்டென்று திரும்பி, நேராக இருந்த தீப்பெட்டிகளை இன்னும் நேராக அடுக்கத் தொடங்கினார்.

இவர் அங்கேயே நின்று குழுவில் எழுதினார்: 'தவறு என்னுடையது. கடைக்காரர் மேல் குற்றமில்லை.' காரணம் எழுதவில்லை. வீடு வரை எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தார்.

மார்ச் 15, ஞாயிறு

மூன்று வேளையும் ரொட்டியும் ஜாமும். என் கைபடாத உணவாம்.

மார்ச் 18, புதன்

போன முறை 258. இப்போது 211. மாத்திரை வேண்டாம், இப்படியே போகட்டும் என்றார் டாக்டர். "என்ன சார் செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யலை டாக்டர். எனக்குச் செஞ்சுட்டாங்க."

நாலு நாளில் என்னைப் பற்றி இவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. வெளியே வந்து, ஆட்டோவில் ஏற எனக்கு இடம்விட்டு நின்றார்.

மார்ச் 24, செவ்வாய்

வீட்டுக்கு வர எட்டேகால். மேஜையில் தட்டு இருந்தது. பாஸ்தா. பக்கத்தில் சாஸ் பாட்டில். சுவரோரம் மிக்சி, கழுவிக் கவிழ்த்தபடி.

"இதுல என்ன இருக்கு?" என்றேன்.

"கடையில வாங்கினதுதான்," என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். மகள் எதுவும் தெரியாதவள்போல விட்டத்தைப் பார்த்தாள். என்ன பேரமோ!

பாட்டிலைத் தொட்டேன். சூடாக இருந்தது.

இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டேன்.