மிர்லானுக்கு வைத்த எலும்பு

என் கண்ணான அய்சல்கினுக்கு அம்மா எழுதுவது. மாஸ்கோக் குளிரில் உன் கால் நனையாமலும் வயிறு காயாமலும் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் மாடும் கூரையும் நலம், மாடு சினையாக இருக்கிறது, கூரையில் ஒழுகிய இடத்தை அப்பா தகரம் வைத்து அடைத்துவிட்டார். இந்த வருஷம் சர்க்கரைப் பாதாமி மரங்களுக்கு ஏதோ நோய் வந்து பழம் குறைவு, இருந்தாலும் உனக்கு ஒரு பை காயவைத்திருக்கிறேன். நீ போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வேலை இருக்கிறது என்கிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி மாஸ்கோ போகிற நம் ஊர் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். காகிதத்தைக் கீழே வைக்க மனம் வராமல் கடைசிவரை படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு சோனுன்புபு உன்னிடம் என்ன சொன்னாள் என்பதும் தெரியும். உங்கம்மா ஒரே ஒரு எலும்பை வச்சு ஊர்ப் பிழைப்பையே கெடுத்துட்டா, உனக்கு வரவேண்டிய வேலையையும் சேர்த்துக் கெடுத்துட்டா என்று சொல்லியிருப்பாள். சொன்னது பொய் இல்லை. ஆனால் அவள் பாதியிலிருந்து சொல்லியிருப்பாள், நான் முதலிலிருந்து சொல்கிறேன், அதன்பிறகு நீ என்னோடு பேசலாம், பேசாமலும் இருக்கலாம்.

நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஏரிக்கரை முள்காட்டை ஒருவன் இரவோடு இரவாக வெட்டினான், விருந்தினர் விடுதி கட்ட. வனக்காவலராக இருந்த உன் அப்பா அவனுடைய வண்டியை மறித்துப் பிடித்தார். பத்து நாள் கழித்து வெட்டிய கட்டைகள் நம் கொட்டகையிலேயே இருந்தன, நாம் வைத்தவை அல்ல, அதிகாரிகள் நேராக வந்து எடுத்தார்கள், எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூட இல்லை. வேலை போனது. அது போனதைவிட எனக்கு எரிந்தது வேறு. அதுவரை இந்தத் தெரெக்புலாக்கில் எந்த விருந்திலும் கறி பங்கு வைப்பது உன் அப்பாதானே. இடுப்பெலும்பு வயதில் மூத்தவருக்கு, தலை விருந்தாளிக்கு, வாலடி எலும்பு வீட்டு மகளுக்கு என்று அவர் கை ஒருநாளும் தப்பியதில்லை. நீ சின்னவளாக இருக்கும்போது அந்த வாலடி எலும்புக்காக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்திருப்பாய். அந்தக் கட்டைகளுக்குப் பிறகு ஒருவரும் அவரைப் பங்கு வைக்கக் கூப்பிடவில்லை. திருட்டுக் கை பங்கு வைக்கலாமா என்று யாரோ சொன்னார்களாம், அதோடு சரி. அவர் விருந்துகளுக்குப் போய் ஓரத்தில் உட்கார்ந்து, மற்றவன் தப்பாக வைத்த பங்கைத் தின்றுவிட்டு வருவார். அந்தக் காட்டை வெட்டியவன் பெயர் மிர்லான். எட்டு வருஷமாக விறகு பிளக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கோடரியை இறக்குகிறேன், நம் விறகு எப்போதும் நன்றாகப் பிளந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

அந்த மிர்லான்தான் இப்போது பசுமை உலகம் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா கட்டப்போவதாக வந்தான். நீ கைப்பேசியில் படம் பார்த்து மகிழ்ந்தாய். பனிமலை உருகுகிறது என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தர பிளாஸ்டிக்கில் ஒரு பனிமலை, அதில் சறுக்கி விளையாடலாம். என்னை வெட்டாதே என்று பேசுகிற சிமெண்டு மரம். ரப்பர்த் தவளைகள் இருக்கிற ஒரு செயற்கைச் சதுப்பு. இத்தனையும் வைக்க இடம் வேண்டும் அல்லவா, அதற்காக மீதியிருக்கிற முள்காட்டையும் ஊற்றடிச் சதுப்பையும் அழிக்க வேண்டும். ஊராட்சி அலுவலகம் கருத்துக் கேட்கிற கூட்டம் போட்டது. முதல் கூட்டத்தில் ஊர் இரண்டாகப் பிளந்தது. சோனுன்புபு எழுந்து, தவளையைக் கட்டிக்கிட்டு அழுதா என் மவன் வயிறு நிறையுமா, அவன் வண்டி ஓட்டறேன்னு பேரு குடுத்துட்டான், எவளாவது குறுக்க வந்தா மண்டையப் பொளப்பேன் என்றாள். அவளைத் தப்பு சொல்ல மாட்டேன், பிள்ளைகளை ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்க்கிற வயிறு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியாதா. மிர்லான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன வெளியூர்க்காரனா, என் தாத்தா இங்கதான் ஆடு மேய்ச்சாரு, உங்க வழக்கம் எல்லாம் என் ரத்தத்துல ஊறிக் கிடக்கு, தலைநகரு பிஷ்கெக்ல இருந்து வர்ற துரைமாரு மாதிரியா நான் என்றான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சுற்றுலாப் படிப்புப் படித்த ஜொல்தோஷ் மகளுக்கு, அதாவது உனக்கு, வழிகாட்டிகளின் தலைவி வேலை என்றும் எல்லார் முன்னாலும் சொன்னான். அதைக் கேட்டதும் நீ அன்றைக்கு அழைத்து, அம்மா நான் ஊருக்கே வந்துடலாம்மா என்றாய். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது, அதை மறந்துவிட்டு நான் எதையும் செய்யவில்லை என்பதை மட்டும் நம்பு.

இரண்டாம் கூட்டத்தில் நான் பேசுவதாக எழுதிக்கொண்டு போனேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது, தபாலில் படித்து வாங்கியது, அந்தப் பட்டம் என்னை வகுப்பறையில் பேசவைத்ததே தவிர கூட்டத்தில் பேசவைக்கவில்லை. சதுப்பில் நிஜத் தவளை ஏற்கனவே இருக்கிறது, முள்வேர் பிடித்திருப்பதால்தான் கரை ஏரிக்குள் சரியாமல் நிற்கிறது, இவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். எழுந்து நின்றேன், முதல் வார்த்தை வரவில்லை, காகிதம் மட்டும் சலசலத்தது. மிர்லான் மைக்கில், டீச்சரக்கா, காகிதமே நல்லா பேசுது, அத அந்த யோசனைப் பெட்டியில போட்டுடுங்க என்றான், கூட்டமே சிரித்தது, என் மாணவர்கள்கூடச் சிரித்தார்கள். உட்கார்ந்தேன். அதோடு விட்டானா, பின் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் அப்பாவைப் பார்த்து, ஜொல்தோஷ் அண்ணே, பழசெல்லாம் மறந்துடுவோம், உங்களுக்கும் ஒரு வேலை வச்சிருக்கேன், பனிச்சிறுத்தை வேஷம், உள்ள நுழைஞ்சு நின்னு புள்ளைங்களுக்குக் கைய ஆட்டினா போதும், நீங்கதான் மலைக்காவலாச்சே, பொருத்தமா இருக்கும் என்றான். உன் அப்பா மரியாதைக்குப் புன்னகைத்தார். நிஜப் பனிச்சிறுத்தையின் காலடித் தடத்தை மூன்று நாள் பின்தொடர்ந்து போன மனிதர். வீட்டுக்கு வந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, அந்த வேஷத்துக்குள்ள ரொம்பப் புழுங்குமோ புருல்சா என்று என்னிடம் கேட்டார். போவதற்குத்தான் கேட்டார், அய்சல்கின். நீ வந்துவிடுவாய் என்றால் அவர் அதற்குள் நுழைந்து நின்றிருப்பார். நான் எழுந்து போய்க் கோடரியை எடுத்தேன், அன்றைக்குப் பிளந்த விறகு இன்னும் தீரவில்லை.

மூன்றாம் கூட்டம் பள்ளிக்கூட முற்றத்தில். ஊரைச் சாப்பிடவைத்து, பெரியவர்களிடம் ஆசி வாங்கி, அதே இடத்தில் கைதூக்க வைத்துவிடுவது என்று மிர்லான் திட்டம் போட்டு ஒரு குதிரையும் ஐந்து ஆடும் கொடுத்தான். சமைக்க ஆசிரியைகளைப் போட்டார்கள். அடுக்களைப் பக்கம் ஆவியில் நின்று கறியைத் தட்டுகளில் பிரிக்கும்போது வாலடி எலும்பு ஒன்று என் கையில் வந்தது. நல்ல கொழுத்த எலும்பு. அப்போதுதான் தோன்றியது, இவன் ரத்தத்தில் ஊறிய வழக்கம் எவ்வளவு என்று பார்ப்போமே. முக்கிய இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குப் போகவேண்டிய தட்டில் அந்த எலும்பை எடுத்து மேலாக வைத்தேன். சோனுன்புபு என் கையைப் பிடித்துவிட்டாள். ஏய் புருல்சா, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு, அது பொட்டப் புள்ளைக்கு வைக்கறதுடி என்றாள். தெரியும் என்றேன். நான் அப்படிச் சொன்ன விதத்தில் பயந்தோ என்னவோ கையை விட்டுவிட்டாள். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. அவன் அதைக் கண்டுகொண்டு தட்டைத் தள்ளியிருந்தால் விருந்தாளியை அவமதித்த வீடு என்று நம் தலையில்தான் விழுந்திருக்கும், உன் அப்பாவுக்கு மிச்சமிருந்த ஓர இடமும் போயிருக்கும். முழங்கால் நடுங்க முற்றத்தைக் கடந்து போய், எல்லாரும் பார்க்க, குனிந்து அவன் முன்னால் வைத்தேன்.

இரண்டு கையாலும் வாங்கினான். பக்கத்தில் மூத்தவர் காசிமாலி ஐயா இடுப்பெலும்பைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்தார். அவன் கடித்தான், உறிஞ்சினான், விரலை நக்கினான். முற்றமே தன்னைப் பார்ப்பதைக் கண்டு மரியாதை என்று நினைத்துக்கொண்டு, ஆஹா டீச்சரக்கா, எனக்குப் பிடிச்ச எலும்பு இதுதான், சின்ன வயசுலருந்து எங்க வீட்டுல இத எனக்குத்தான் வைப்பாங்க என்றான். நான் சொல்லிக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க மாட்டான். காசிமாலி ஐயா எலும்பைக் கீழே வைத்தார், தாடியைத் தடவினார், அப்படியா கண்ணு, வளந்துட்டியே, மாப்ள பாத்தாச்சா, பரிசம் எத்தன குதிரை கேக்கலாம் என்றார். முதலில் பெண்கள் பக்கம்தான் வெடித்தது. அப்புறம் கிழவர்கள், அப்புறம் என் மாணவர்கள். யாரோ பின்னாலிருந்து, முக்காடு கொண்டாங்கடா மணப்பொண்ணுக்கு என்று கத்தினார்கள். சிரிப்பு ஏன் என்று அவனுக்குப் புரிய வெகுநேரம் ஆனது, அந்த நேரம் முழுவதும் அவன் எங்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான், அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், தேனில் ரொட்டியைத் தொட்டுத் தின்பதுபோல. யாரோ குனிந்து காதில் சொன்னபிறகு முகம் செத்துப்போனது. எழுந்தான். ஒரு எலும்புக்கா இந்தக் கூத்து, காட்டுமிராண்டிக் கூட்டம், உங்க கை எவனுக்கு வேணும், மேல ஒரு கையெழுத்து வாங்கி நாளைக்கே உங்க காட்டை மழிச்சுடுவேன், அன்னைக்கு ஒரு காவக்காரன மழிச்ச மாதிரி என்றான். அவ்வளவுதான், அய்சல்கின். அப்பாவை மாட்டிவிட்டது தான்தான் என்று அவன் வாயாலேயே சொன்னான். சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லாத் தலையும் பின் வரிசைப் பக்கம், உன் அப்பா இருந்த பக்கம் திரும்பியது. காசிமாலி ஐயா ஆசிக்குக் கையை விரிக்கவில்லை, துடைத்துக்கொண்டார். சொந்த எலும்பு தெரியாதவன்கிட்ட சொந்தக் கரையக் குடுக்கறதுக்கில்லப்பா என்று சொல்லி எழுந்தார். ஒரு கையும் தூக்கப்படவில்லை.

ஊராட்சி இப்போது தீர்மானத்தைத் தள்ளிவைத்திருக்கிறது. அவன் வடகரையில் இடம் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். பார்க்கட்டும், அங்கேயும் ஆடு உண்டு, ஆட்டுக்கு வால் உண்டு. மேலே போய் ஏதாவது கையெழுத்தோடு திரும்பி வந்தாலும் வரலாம், எல்லாம் முடிந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஆனால் வந்தால் மணப்பெண் வருகிறாள் என்றுதான் ஊர் சொல்லும், அந்தப் பெயரை அவனால் எந்தப் பெட்டியிலும் போட முடியாது. சோனுன்புபு என்னோடு பேசுவதில்லை, வேலியில் என் துணி விழுந்தால் காலால் தள்ளுகிறாள். நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, அவளுடைய மகனுக்கு வேலை வேண்டும் என்பது நியாயம், அது மிர்லான் கையால் வரவேண்டியதில்லை. உனக்கும் அதையேதான் சொல்கிறேன். நீ ஊருக்கு வரவேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை. ஆனால் அப்பா சிறுத்தை வேஷத்துக்குள் நின்று கையாட்ட, நீ அவரைக் காட்டிக் காட்டி வெளியூர்க் குழந்தைகளுக்கு வழிசொல்லுகிற அந்த வேலையை நான் கெடுத்தேன், இன்னொரு தடவை கிடைத்தாலும் கெடுப்பேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் உன் அப்பா எனக்கு முன்னால் நடந்தார். பாராட்டுவார் என்று நினைத்திருந்தேன். கதவைத் திறக்கும்போது, பங்கு தப்பு புருல்சா, அது புள்ளையோடது, அவ பங்க எடுத்து அவனுக்குக் குடுத்துட்டியே என்றார். அத்தனை நாள் பட்டதில் அதுதான் அவருக்கு வலித்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். போன வாரம் காசிமாலி ஐயா தன் பேரனுக்குப் பெயர் வைக்கிற விருந்துக்கு, ஆள் அனுப்பாமல் தானே நம் வாசலுக்கு வந்து, ஜொல்தோஷ், கத்திய எடுத்துக்கிட்டு வா, ஒருத்தனுக்கும் ஒழுங்கா வைக்கத் தெரியல என்று கூப்பிட்டார். உன் அப்பா கத்தியைத் தீட்டிய சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். பங்கு வைத்து முடித்ததும் ஒரு எலும்பை மட்டும் துணியில் சுற்றி எடுத்து வந்தார், யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். உப்பிட்டுப் புகையில் காயவைத்திருக்கிறார்.

ஈரத் தலையோடு வெளியே போகாதே, காலுறை இரண்டு போட்டுக்கொள், கேன்டீன் சூப்பை மட்டும் நம்பி இருக்காதே. என் இரண்டு கையையும் விரித்து உனக்காகக் கேட்கிறேன், வழி உனக்கு அகலமாக இருக்கட்டும், தூற்றுகிறவன் நாக்கு உன்மேல் விழாமல் இருக்கட்டும், உன்னைத் தாழ்த்தப் பார்க்கிறவன் முன்னால் உன் முழங்கால் நடுங்கினாலும் தட்டு கவிழாமல் இருக்கட்டும், ஆமின், கையை முகத்தில் தடவிக்கொள். டிரைவர் தரும் பையில் பழத்துக்கு அடியில் அந்தத் துணிமுடிச்சு இருக்கிறது. அறைத் தோழிகளுக்குப் பழத்தைக் கொடு, முடிச்சை மட்டும் யாருக்கும் பங்கு வைக்காதே. அப்பா வைத்தது, இந்த முறை தப்பவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்.

உன் அம்மா
புருல்சா
தெரெக்புலாக்